விளையும் பயிர் முளையிலே

சென்ற வருடம் நண்பர் ஒருவரின் மகளுக்கு ஒன்பதாவது பிறந்தநாள். கேக் வெட்டி, கொத்துரொட்டி சாப்பிட்டு, பெரியவர்கள் சோபாக்களில் சாய்ந்துவிட்ட நேரம். அந்தப் பிள்ளை பாடசாலையில் மீத்திறன் உள்ள மாணவர்களுக்கான வகுப்புக்குத் தெரிவாகியிருந்தாள். அங்கிருந்தவர்களில் மூத்தவரான ஒரு மாமா அவளுடைய தலையைத் தடவி, “விளையும் பயிர் முளையிலே தெரியும் எண்டு சும்மாவே சொன்னவை?” என்றார். எல்லோரும் சிரித்தோம். என் மகளும் அதே வகுப்பு, அதே பரீட்சை. அவள் தெரிவாகவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பின் இருக்கையிலிருந்து கேட்டாள்: “அம்மா, மாமா சொன்னதுக்கு என்ன அர்த்தம்?” சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப முளையில தெரியாட்டி, பிறகு விளையாதா?” என்றாள்.

“அப்பிடியில்லை, குஞ்சு” என்று உடனே சொல்லியிருக்கவேண்டும். ஒரு தாயின் வாயில் தயாராக இருக்கவேண்டிய விடை அது. எனக்கு வரவில்லை. ஏனென்றால் அந்தப் பழமொழியை மெய்யாக்குவதற்காகத்தான் பதினொரு வருடமாக எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

கனடாவின் புல்வெளி மாகாணம் ஒன்றில், பயிர் விருத்தியாளர்கள் அனுப்பும் நாற்றுகளின் மரபணுக்களைப் பரிசோதித்துச் சொல்லும் சிறிய ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். கோதுமை வரும், பட்டாணி வரும். அதிகம் வருவது நாம் மைசூர்ப் பருப்பு என்று சொல்லும் பயிர். இலங்கையில் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சும் பருப்புக்கறியின் பருப்பு அங்கே விளைவதில்லை. கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் போய் இறங்குகிறது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் இந்தப் புல்வெளிகளிலும் அது அநேகமாக இல்லை. 1972 இல் சஸ்கற்சவான் பல்கலைக்கழகத்துக்கு வந்த அல் சிலிங்கார்ட் என்ற விருத்தியாளர் அதைக் கையில் எடுத்து, 1978 இல் ‘லெயார்ட்’ என்ற இனத்தை வெளியிட்ட பிறகுதான் பருப்பு இங்கே ஒரு பயிராக வேரூன்றியது. எங்களைப்போல அதுவும் வந்து குடியேறிய ஒன்றுதான்.

என் வேலையைச் சொல்வது எளிது. முளைத்து இரண்டு கிழமையான நாற்றில் ஒரு சிற்றிலையைக் கிள்ளுகிறேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. உள்ளங்கை அளவான பிளாஸ்ரிக் தட்டில் எட்டு வரிசையும் பன்னிரண்டு நிரலுமாகத் தொண்ணூற்றாறு குழிகள் இருக்கும். ஒரு நாற்றுக்கு ஒரு குழி. கரைசல் விட்டு, சூடாக்கி, அதிலிருந்து ஒரு துளியை எடுத்து இயந்திரத்துக்குக் கொடுத்தால், மாலையில் திரையில் புள்ளிகள் மூன்று கூட்டமாகப் பிரிந்து நிற்கும். தேடும் மரபணு இரு பக்கமும் உள்ளவை ஒரு மூலையில், ஒரு பக்கம் மட்டும் உள்ளவை நடுவில், இல்லாதவை மற்ற மூலையில். பிறகு ஒரு பட்டியல் அச்சாகும். வைத்திருக்கவேண்டியவை, அகற்றவேண்டியவை. அகற்றவேண்டியவை அன்றைக்கே பிடுங்கப்பட்டு உரக்குழிக்குப் போகும். பூக்கவில்லை, காய்க்கவில்லை. இன்னும் எதையும் செய்யாத ஒரு பயிரைப்பற்றி, அது இனிமேல் என்ன செய்யும் என்று நான் தீர்ப்புச் சொல்லிவிடுகிறேன்.

எத்தனை போகும் என்பது பாடசாலைக் கணக்கு. கலப்பின் இரண்டாம் தலைமுறையில் ஒரு மரபணு இரு பக்கமும் வேண்டுமென்றால் நான்கில் ஒன்று தேறும். தனித்தனியே கடத்தப்படும் மூன்று மரபணுக்கள் அப்படி வேண்டுமென்றால் அறுபத்து நான்கில் ஒன்று. ஒரு தட்டு முழுக்கப் பார்த்தால் ஒன்றோ இரண்டோ மிஞ்சும். அதனால்தான் ஆயிரக்கணக்கில் பார்க்கவேண்டும். ஆயிரக்கணக்கில் பார்க்கவேண்டுமென்றால் பார்ப்பது எளிதாகவேண்டும்.

நான் தொழில் பழகிய காலத்தில் அது எளிதாக இருக்கவில்லை. இலையைத் திரவ நைதரசனில் உறையவைத்து உரலில் இட்டு மாவாக அரைப்போம். சி.ரி.ஏ.பி. என்ற சவர்க்காரம் போன்ற பொருள் கலந்த கரைசலில் 65 பாகை வெப்பத்தில் ஊறவிடுவோம். குளோரோபோம் சேர்த்துக் குலுக்கி, சுழற்றி, மேலே தெளிந்ததை மட்டும் உறிஞ்சி எடுத்து, ஐசோப்புரோப்பனோல் விட்டால் குழாயின் அடியில் பஞ்சுத் துணுக்குப்போல டி.என்.ஏ. திரளும். அதைக் கழுவி, உலர்த்தி, மறுபடி கரைப்போம். காலையில் தொடங்கினால் பின்னேரம் இருபது, முப்பது குழாய்கள். ஒவ்வொரு குழாயின் மூடியிலும் பக்கவாட்டிலும் நாற்றின் இலக்கத்தைக் கையால் எழுதுவோம். ஒரு நாளில் ஒரே இலக்கத்தை நாலைந்து தடவை எழுதியதால் அந்த நாற்றுகளை எனக்கு ஆட்களைப்போலத் தெரியும். பதினேழாம் நாற்று இலையில் பிசின் அதிகம்; நாற்பத்தொன்று அரைபடாது. இதெல்லாம் எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை.

பிறகு ஒவ்வொரு படியாக உதிர்ந்தது. 1993 இல், சஸ்கற்றூனிலிருந்த தேசிய ஆய்வு மன்றத்தின் நிலையத்தைச் சேர்ந்த மூவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். இலைத்துண்டைச் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் நசுக்கி, காரத்தன்மையைத் தணிக்கும் இன்னொரு கரைசலில் ஐதாக்கி, ஒரு துளியை நேரே பி.சி.ஆருக்குக் கொடுத்தால் போதும் என்றார்கள். அவ்வளவுதான். குளோரோபோம் இல்லை, சுழற்றல் இல்லை. 2017 இல் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் இன்னும் ஒரு படி போனார்கள். வடிதாளின் ஒரு பகுதியை உருகிய மெழுகில் தோய்த்துக் கைபிடியாக்கி, மெழுகு படாத சிறு நுனியை நசுக்கிய இலைச்சாற்றில் அமிழ்த்தி, கழுவும் நீரில் அமிழ்த்தி, கடைசியாகப் பி.சி.ஆர் கலவையில் அமிழ்த்துகிறார்கள். அரை நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறது. இவையெல்லாம் எப்படிச் சாத்தியமாயின? சுத்தமான டி.என்.ஏ. வேண்டும் என்பது எங்களுடைய பழக்கமே தவிர, பி.சி.ஆரின் தேவை அல்ல என்று கண்டுகொண்டதால்தான். அந்த நொதியத்தின் வேலைக்குக் கொஞ்சம் டி.என்.ஏ. போதும், தடுக்கும் பிசினையும் துவர்ப்பையும் முழுதாக நீக்கவேண்டாம், ஐதாக்கினாலே போதும்.

இதை நான் குறைசொல்ல வரவில்லை. குளோரோபோம் மணத்தோடு பின்னேரங்களில் தலையிடியோடு வீட்டுக்குப் போனவள் நான். திரவ நைதரசனுக்குக் காசில்லாத நாடுகளின் ஆய்வுகூடங்களில் இன்று ஒரு வெந்நீர்த் தொட்டியையும் மலிவான இரண்டு கரைசல்களையும் வைத்துக்கொண்டு மாதிரி தயாரிக்கலாம். நாற்றிலேயே மரபணுவைப் பார்த்துத் தெரிவதால் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு நெல்லின் கதை போதும்.

ஒடிசாவின் பாரம்பரிய நெல்லிலிருந்து 1940களில் தெரிந்தெடுக்கப்பட்ட இனம் எஃப்.ஆர்.13ஏ. முழுவதும் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தாலும் இரண்டு கிழமை வரை உயிர்தாங்கும். மற்ற நெற்கள் மூழ்கியதும் பதறி மேலே நீளப்பார்த்து, இருக்கும் சக்தியைச் செலவழித்துச் சாகும். இது வளர்வதை நிறுத்தி மூச்சடக்கிக் கிடக்கும். ஆனால் விளைச்சல் குறைவு. 1996 இல் அந்தக் குணம் ஒன்பதாவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது என்று அறிந்தார்கள். 2006 இல் மரபணுவையே அடையாளம் கண்டார்கள். விவசாயிகளுக்குப் பிடித்தமான சுவர்ணா நெல்லோடு கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றின் இலையைக் கிள்ளிப் பார்த்துத் தெரிந்தெடுத்து, சுவர்ணா சப்-1 உருவானது. ஒவ்வொரு நாற்றையும் இரண்டு கிழமை மூழ்கடித்துப் பார்க்கவேண்டியிருக்கவில்லை. 2009 இல் இந்தியாவில் அது வெளியானது. காவிரிக் கழிமுகத்தில் மழைக்கு மூழ்கும் வயல்களுக்கும் சி.ஆர்.1009 சப்-1 என்ற நெல் அதே வழியில்தான் வந்தது. வெள்ளம் வடிந்தபின் வயலில் பச்சை தெரிவதும் தெரியாததும் ஒரு குடும்பத்துக்கு என்ன என்பதை நம்மில் பலருக்கு விளக்கத் தேவையில்லை.

ஆகவே முளையிலே பார்ப்பது தவறு என்ற கட்சி என்னுடையது அல்ல. என் அம்மப்பாவும் முளையிலே பார்த்தவர்தான்.

அவர் வன்னியில் மூன்று ஏக்கர் வயல் செய்தவர். நாற்று ஒரு சாண் உயரம் வருமுன்னரே வரம்பிலிருந்து இறங்கிப் பிடுங்கத் தொடங்கிவிடுவார். நெல்லைப்போலவே இருக்கும் ஒரு புல் வயலில் சேர்ந்து முளைக்கும். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். இலையும் தண்டும் சேரும் இடத்தை விரித்துக் காட்டுவார். நெல்லுக்கு அங்கே மெல்லிய நாக்குப்போல ஒரு சவ்வு இருக்கும். அந்தப் புல்லுக்கு இல்லை. விரல் நுனியால் தொட்டே அறிவார். கதிர் வரும்வரை காத்திருந்தால் அந்தப் புல் எருவையெல்லாம் தின்றுவிடும். இன்று நான் திரையில் பார்க்கும் புள்ளியும் அவருடைய விரல் தொட்ட அந்தச் சவ்வும் தர்க்கப்படி ஒன்றுதான்: இப்போது தெரியும் சிறு அடையாளத்திலிருந்து பின்னால் வரப்போவதைச் சொல்வது.

அவரும் பிழைவிட்டார். பெரிய கதிர்களாகப் பார்த்து விதைநெல்லுக்கு எடுத்து, அடுத்த போகத்தில் பயிர் முழுக்கச் சாய்ந்துபோனதை அம்மம்மா சாகும்வரை சொல்லிக் காட்டினார். பழைய கை பிழைவிடாது, புதிய இயந்திரம்தான் விடும் என்று சொன்னால் அது ஊரை நினைத்துப் பெருமூச்சு விடுவதே தவிர, யோசிப்பது ஆகாது.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? அதை நான் ஒரு பிழையால் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பிறந்தநாளுக்கு மூன்று மாதம் முந்தி. ஒரு விருத்தியாளர் அனுப்பிய நாற்றுகள். பருப்பை, அதன் காட்டு உறவான லென்ஸ் ஏர்வொய்டீசோடு கலந்து பெற்ற குடும்பம் அது. அந்திராக்னோசு நோய்க்கு எதிர்ப்பு வேண்டி இந்தக் காட்டினத்தை நாடுகிறார்கள். இரண்டும் இலேசில் சேராது. கலப்பில் உண்டாகும் கரு செடியிலேயே முற்றாமல் அழிந்துவிடும். அதை இளமையிலேயே பிரித்தெடுத்து ஊட்டக் கூழில் வைத்துக் காப்பாற்றவேண்டும். அப்படிக் காப்பாற்றிய ஒன்றின் வழிவந்தவை தொண்ணூற்றைந்து நாற்றுகள். தட்டில் கடைசிக் குழியான எச்-12 வெறுமையாக விடப்படும். அது சரிபார்ப்புக்கு. அங்கே எதுவும் தெரியக்கூடாது.

அன்று பன்னிரண்டு தட்டுகள் செய்தேன். ஆயிரத்துக்கு மேற்பட்ட நாற்றுகள். பட்டியல் அச்சாகியது, இருபத்து நான்கு நாற்றுகள் நின்றன, எழுபத்தொன்று உரத்துக்குப் போயின.

இரண்டு கிழமை கழித்து, வேறொரு வேலைக்காக அந்தக் கோப்பைத் திறந்தபோது கண்ணில் பட்டது. ஏ-1 வெறுமை. எச்-12 இல் புள்ளி. நான் அதை அன்றும் கண்டிருந்தேன். ஏ-1 இல் இலைத்துண்டு குழிக்குள் விழவில்லைப் போலும், எச்-12 இல் ஒரு துளி தெறித்திருக்கும் என்று நினைத்துக் கடந்துபோனேன். எளிய முறையில் நூற்றுக்கு இரண்டு மூன்று குழிகள் பேசாமல் போவது வழக்கம். கண் அதற்குப் பழகி மன்னிக்கக் கற்றுவிட்டது. இப்போது பார்த்தபோது வயிறு குளிர்ந்தது. தட்டு தலைகீழாகத் திரும்பியிருந்தது. முதற்குழி கடைசிக் குழியாகவும் கடைசி முதலாகவும் இயந்திரம் படித்திருந்தது. கரைசலை மாற்றும்போது, தட்டின் வெட்டப்பட்ட மூலையைப் பார்க்காமல் வைத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

பட்டியலைத் திருப்பிப்போட்டுச் சரிபார்த்தேன். நாங்கள் வைத்திருந்த இருபத்து நான்கில் ஆறுக்குத்தான் உண்மையில் எதிர்ப்பு இருந்தது. எதிர்ப்புள்ள மற்றப் பதினெட்டும் அநேகமாக மண்ணாகிவிட்டன.

ஒன்பது நாள் நான் யாருக்கும் சொல்லவில்லை.

அந்த ஒன்பது நாளும் எனக்குள் நடந்த வழக்கைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன். எதிர்த்தரப்பு பலமாகவே வாதாடியது. யாருக்கு என்ன நட்டம்? நாற்றுகளுக்கு உரிமை என்று ஒன்றும் இல்லை. சரியான பட்டியலாலும் எழுபத்தொன்று போயிருக்கும். தவறாக நிற்பவை அடுத்த வருடம் நோய்ச் சோதனையில் தாமாகவே விழும். பயிர் விருத்தி என்பதே சல்லடைக்குமேல் சல்லடை. ஒன்றில் தப்பியதை மற்றொன்று பிடிக்கும். இதனால் பட்டினி கிடக்கும் விவசாயி யார்? அவருக்குப் பெயர் இல்லை, முகம் இல்லை. அவர் பிறந்தாரா என்பதும் தெரியாது. பாதிக்கப்பட்டவரைக் காட்டமுடியாத குற்றத்தைக் குற்றம் என்று எப்படிச் சொல்வது?

என்னை மாற்றியது இரக்கம் அல்ல, ஒரு கணக்கு. நோய்ச் சோதனையில் இருபத்து நான்கில் பதினெட்டு விழும்போது அந்த விருத்தியாளர் என்ன நினைப்பார்? தட்டுத் திரும்பியது என்று நினைக்கமாட்டார். காட்டினத்தின் எதிர்ப்பு நிலைக்காது, அல்லது இந்த மரபணு அடையாளம் நம்பத்தக்கதல்ல என்று முடிவு செய்வார். அந்தப் பக்கமே போவதை நிறுத்திவிடலாம். ஒரு பிழையான நாற்று மறுவருடம் செத்துப்போகும். ஒரு பிழையான அறிவு சாகாது. அது கட்டுரையாகும், ஆலோசனையாகும், யாரும் திறக்காத கதவாகும். என் மௌனம் எழுபத்தொரு நாற்றுகளைப்பற்றியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது உண்மையில், இனிமேல் பார்க்கப்போகிறவர்களின் கண்ணைப்பற்றியது.

சொன்னேன். என் மேலாளர் கோபிக்கவில்லை. கணினியில் பார்த்துவிட்டு, ஒரு தட்டுத்தானே, அதற்கு ஆன செலவு உன்னுடைய ஒரு நாள் சம்பளத்தைவிடக் குறைவு, இனிமேல் மூலையைக் கவனி என்று சொல்லிச் சிரித்தார். நல்ல மனிதர். எனக்கு நிம்மதி தரத்தான் சொன்னார். ஆனால் ஏச்சு வாங்கியிருந்தால் பட்டிருக்காத ஒன்று அந்தச் சிரிப்பில் பட்டது. பார்ப்பதன் விலை குறைந்ததோடு பிழையின் விலையும் குறைந்துவிட்டது. தட்டு மலிவு, ஆகவே தட்டிலிருந்தவையும் மலிவு. ஒரு நாள் முழுக்க உரலில் அரைத்த இருபது குழாய்களை நான் கொட்டியிருந்தால் ஆய்வுகூடமே நின்று பார்த்திருக்கும். அன்று என் உழைப்பு அந்த நாற்றுகளுக்கு ஒரு மதிப்பைக் கொடுத்திருந்தது. அது அவற்றின் மதிப்பு அல்ல, என் உழைப்பின் மதிப்புத்தான். இருந்தாலும் அந்த இரவல் மதிப்பு அவற்றைக் காத்தது.

விருத்தியாளரிடம் நானே தொலைபேசியில் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, அறுபத்திரண்டாம் இலக்கம் நின்றதா என்று கேட்டார். இல்லை என்றேன். அதன் தண்டு மற்றவற்றைவிடக் கருஞ்சிவப்பாக இருந்ததாம். அடியிலேயே கிளைவிடத் தொடங்கியிருந்ததாம். “என்ன என்று தெரியவில்லை. பூக்கும்போது பார்க்கலாம் என்று இருந்தேன்” என்றார். சரியான பட்டியலில் அறுபத்திரண்டுக்கு எதிர்ப்பு இருந்தது. அது ஒன்றுக்கும் உதவாத செடியாகவும் இருந்திருக்கலாம். அதைத்தான் இனி யாரும் அறியமுடியாது.

அம்மப்பாவுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் விளங்கியது. அவர் எதைப் பிடுங்கினாரோ அதே வயலில் அறுவடை வரை நின்றார். பிழையாகப் பிடுங்கினால் பசி அவருடைய வீட்டுக்குத்தான் வரும். தீர்ப்புச் சொன்னவரும் தீர்ப்பின் பலனை உண்டவரும் ஒருவரே. நான் பிடுங்குவது எந்த வயலிலும் இல்லை. நான் தெரிந்தெடுத்த பயிர் பூப்பதை இந்தப் பதினொரு வருடத்தில் ஒருமுறையும் பார்த்ததில்லை. முளையிலே பார்ப்பது புதிதல்ல; முளையிலே பார்த்துவிட்டு, விளைச்சலைப் பார்க்கத் தேவையில்லாமல் போவதுதான் புதிது.

ஒரு முறையை எளிதாக்கும்போது அதிலிருந்து உதிர்கின்ற படிகள் எல்லாம் வெறும் சுமை என்று நினைக்கிறோம். சில சுமைகள்தாம். ஆனால் கையால் நாலு தடவை இலக்கம் எழுதிய அந்தச் சலிப்பான வேலைக்குள், யாரும் திட்டமிடாமலே, ஒரு கவனம் குடியிருந்தது. வேலையை நீக்கியபோது கவனமும் வீடில்லாமல் போயிற்று. அதற்காகப் பழைய வேலைக்குத் திரும்பவேண்டியதில்லை. கவனத்துக்கு வேறு வீடு கட்டிக்கொடுக்கவேண்டும். எளிமையால் மிச்சமான நேரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அங்கேதான் வருகிறது. எங்களுக்கு மிச்சமான நேரம் முழுவதும் இன்னும் அதிகத் தட்டுகளுக்குப் போயிற்று. அதில் ஒரு பங்கு திரும்பவும் பார்ப்பதற்கே சேரவேண்டும் என்பது என் கட்சி. அதைக் கருணை என்று நான் சொல்லமாட்டேன். அது கடன்.

இன்னொன்றும் உண்டு. தட்டு நேராகவே இருந்தாலும், தேடுவதைத்தான் அது காட்டும். எஃப்.ஆர்.13ஏ-யை நினைத்துப் பாருங்கள். வெள்ளம் வராத வயலில் அது மட்டமான நெல். விளைச்சலை மட்டும் கேட்கும் எந்தச் சோதனையிலும் அது முதல் நாளே விழுந்திருக்கும். வெள்ளத்தில் பயிரை இழந்தவர்கள் இருந்ததால்தான் அதைத் தேடவேண்டும் என்பதே தெரிந்தது. நம்முடைய கேள்விகள் எல்லாம் பட்ட துன்பங்களிலிருந்து வருபவை. இனிப் படப்போகும் துன்பத்துக்கான விடை, இன்று நாம் கேட்காத கேள்வியாக, அகற்றவேண்டியவை பட்டியலில் கிடக்கலாம். எல்லாவற்றையும் வைத்திருக்க இடமில்லை என்பதும் உண்மை. ஆகவே அகற்றத்தான் வேண்டும். ஆனால் அகற்றும்போது ‘இது பயனற்றது’ என்று சொல்வது ஒன்று. ‘நான் கேட்ட கேள்விக்கு இதனிடம் விடை இல்லை’ என்று சொல்வது வேறு. இரண்டாவது மட்டுமே நான் நேர்மையாகச் சொல்லக்கூடியது.

இப்போது ஆய்வுகூடத்தில் இரண்டு மாற்றங்கள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு குழிக்குப் பதிலாக, ஒன்றுக்கொன்று நேரெதிராக அமையாத மூன்று குழிகள் சரிபார்ப்புக்கு விடப்படுகின்றன. தட்டுத் திரும்பினால் இயந்திரமே கத்தும். இது மேலாளருக்கு உடனே பிடித்தது. மற்றதற்கு நான் கொஞ்சம் வாதாடவேண்டியிருந்தது. அகற்றவேண்டியவை பட்டியலிலிருந்து, தட்டுக்கு இரண்டு நாற்றுகளைக் குலுக்கலில் எடுத்து, காய்க்கும்வரை வளரவிடுகிறோம். அறிவியலில் இதற்கு மதிப்பான பெயர் உண்டு. தெரிந்தெடுத்ததைத் தெரிந்தெடுக்காததோடு ஒப்பிட்டால்தான் தெரிவு உதவியதா என்று தெரியும். எனக்கு அதைவிட எளிய காரணமும் உண்டு. நான் தள்ளியதை நான் பார்க்கவேண்டும்.

போன மாசிமாதம் ஒரு சனிக்கிழமை, வெளியே கழித்தல் முப்பது பாகை. நீர் விடுவதற்காக மகளையும் கூட்டிக்கொண்டு கண்ணாடி வீட்டுக்குப் போனேன். தள்ளப்பட்ட நாற்றுகள் பூத்திருந்தன. பருப்புப் பூ மிகச் சிறியது. வெள்ளையில் மெல்லிய நீல வரி. அவள் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள்.

“இதுகள் எல்லாம் பெயில் விட்டதுகளா?”

“நாங்கள் ஒரு கேள்வி கேட்டனாங்கள். அதுக்கு இதுகளிட்ட விடை இல்லை.”

“வேற கேள்வி கேட்டிருந்தா?”

“தெரியாது, குஞ்சு. அதுக்குத்தான் தண்ணி விடுறம்.”

அவள் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள். காரில் கேட்ட கேள்விக்கு இது விடையாகாது என்று எனக்குத் தெரியும். முளையில் தெரிவது உண்டு. அதை மறுத்தால் நான் பொய் சொல்கிறவள். ஆனால் முளையில் தெரிவதைச் சொல்லிவிட்டுப் போய்விட எவருக்கும் உரிமை இல்லை, விளையும்வரை நிற்கவேண்டும் என்பதை மட்டும் அந்த மாமாவிடமும், என்னிடமும், அடுத்த பிறந்தநாளில் சொல்லலாம் என்று இருக்கிறேன்.